பெரியம்மையின் பை

திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பதை 2002-இல் நிறுத்தினேன். ஊரில் பேச்சு வந்தது. "டீச்சருக்கு வயசாயிட்டு, பேப்பர் திருத்த முடியல" என்றார்கள். அப்போது எனக்கு வயது 51. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புப் பேப்பரை ஒரே ராத்திரியில் திருத்திக்கொண்டிருந்தவள்தான் நான். சபைக் கமிட்டியில் ஒருவர், பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அரைப் பதில்தான் இருக்கிறது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவோம். குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுப்பார்கள். பிள்ளைக்கு 14, 15 வயது ஆனதும், தனக்காக மற்றவர்கள் சொன்னதை இனி தானே சொல்வதாகச் சபைக்கு முன்னால் நிற்க வேண்டும். பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதுதான் திடப்படுத்தல். அதன் பிறகே திருவிருந்தில் அப்பமும் ரசமும். பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பும் தலையில் வெள்ளை முக்காடும். ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

வகுப்பை ஐயர்தான் நடத்த வேண்டும். (இந்தப் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா.) ஆனால் ஒரு சேகரத்தில் பல ஊர்கள். எத்தனை ஊருக்கு ஒரு மனிதர் ஓடுவார்? பேராயர் வரும் தேதி தெரிந்ததும் நாலைந்து மாதம் சனிக்கிழமை சாயங்காலம் நான் நடத்துவேன், கடைசி இரண்டு வாரம் ஐயர் வருவார். 1984-இல் இருந்து இதுதான் ஏற்பாடு. எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. செம்மணலும் பனையும்தான் எங்கும். அந்தக் காலத்தில் பிள்ளைகளில் பாதிப்பேர் பனையேறிகளின் பிள்ளைகள்.

நான் வைத்த பரீட்சை லேசுப்பட்டதல்ல. 100 மார்க். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை மூன்றும் பிழையில்லாமல் எழுத 30. வேதாகமத்தின் 66 புத்தகங்களை வரிசையாக எழுத 10. ஆபகூக்கையும் செப்பனியாவையும் இடம் மாற்றாத பிள்ளை அபூர்வம், மாற்றினால் ஒரு மார்க் போச்சு. சபைச் சரித்திரத்துக்கு 20. முதலூர் உண்டான வருஷம் 1799. அசரியா பிறந்த ஊர் வெள்ளாளன்விளை, வருஷம் 1874. ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர்களில் முதல் அத்தியட்சராக அவர் ஆனது 1912. தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. மீதி 40 மார்க் ஞானோபதேச வினாவிடைக்கு.

வினாவிடை எங்களுக்குப் பழைய சொத்து. 1578-இல் கொல்லத்தில் ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழ் எழுத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமே 16 பக்க ஞானோபதேசம்தான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர், லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். எங்கள் ஆங்கிலிக்கன் ஞானோபதேசத்தில் முதல் கேள்வி பிள்ளையின் பெயரைக் கேட்கும், இரண்டாவது கேள்வி அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்கும். எவ்வளவு அருமையான தொடக்கம்! மார்க் இல்லாத கேள்விகள் என்பதால் அந்த இரண்டையும் நான் தாண்டிப் போய்விடுவேன். மற்றக் கேள்விகள் எல்லாம் பெரியவர்கள் பக்கம், பதில்கள் எல்லாம் பிள்ளைகள் பக்கம். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. அந்த ஏற்பாடு எனக்குச் செருப்புப் போலப் பொருந்தியது.

ஆனால் என்னை யாரும் அப்படி வளர்க்கவில்லை. அதுதான் வேடிக்கை.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964-ஆம் வருஷம் எனக்கு 13 வயது. எங்கள் சபையில் ஒரு விதவை ஊழியக்காரி இருந்தாள். சம்பளப் பதிவேட்டில் அவள் 'பைபிள் உமன்'. எங்களுக்குப் பெரியம்மை. மிஷன் விடுதியில் எட்டாவது வரை படித்தவள். சுற்றி மூன்று ஊருக்கு நடந்தே போய், வீடுவீடாக ஏறி, பெண்களோடு உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபித்து வருவாள். அந்த வருஷம் அவளுக்கு மூட்டுவலி. "சனிக்கெழம சனிக்கெழம ஒம் மவள அனுப்பு, பை தூக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவும் அனுப்பிவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

காக்கித் துணிப் பை அது. உள்ளே பழைய சேலைத் துண்டில் சுற்றின வேதபுஸ்தகம், பாட்டுப் புஸ்தகம், ஒரு சின்னக் குப்பியில் வேப்பெண்ணெய், ஈர்கொல்லி, மரச் சீப்பு, காகிதத்தில் மடித்த சுக்கு, ஒரு கருப்பட்டித் துண்டு. ஊழியக்காரியின் பையில் ஈர்கொல்லி எதற்கு என்று நான் யோசித்ததுண்டு. முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. படுக்கையில் கிடந்த ஒரு கிழவியை நிமிர்த்தி உட்காரவைத்து, தலைக்கு எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, பேன் பார்த்து, கொண்டை போட்டுவிட்ட பிறகுதான் வேதபுஸ்தகத்தை எடுத்தாள். முக்கால் மணி நேரம் தலைக்கு, பத்து நிமிஷம் வேதத்துக்கு. எனக்கு அருவருப்பாகவும் அலுப்பாகவும் இருந்தது.

இன்னொரு நாள் ஒரு வீட்டுக்குள் போனோம். பெரியம்மை உட்கார்ந்தாள். ஆடு குட்டி போட்டதைக் கேட்டாள், மழை பெய்யாததைப் பேசினாள், எழுந்துவிட்டாள். புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை. வழியில் கேட்டேன்.

"பெரியம்மை, ஜெபம் பண்ணலியே?"

"அடுப்பப் பாத்தியாட்டி?"

"பாக்கலியே."

"பூன படுத்திருக்கு."

அவ்வளவுதான். சாயங்காலம் கோயிலுக்கென்று வீட்டுக்கு வீடு எடுத்து வைக்கிற பிடி அரிசியில், அவள் வீட்டுக் கலயத்தில் இருந்ததை அரைப்படி அளந்து, என் பாவாடை மடியில் கொட்டி, பின்வாசல் வழியாகப் போய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். காணிக்கை அரிசி ஆயிற்றே, ஐயர் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே போனேன். ஐயர் கேட்கவும் இல்லை.

இரண்டு வருஷம் பை தூக்கினேன். அந்த இரண்டு வருஷத்தில் அவள் எனக்கு ஒரு வசனம்கூடப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. 'இதைக் கவனி' என்று சொன்னதுகூட இல்லை. பிறகு நான் படிப்புக்குப் பாளையங்கோட்டைக்குப் போனேன், டீச்சரானேன், கல்யாணம், பிள்ளைகள். அவள் இறந்தபோது அவளுடைய மகள் அந்தப் பையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா சொல்லிவிட்டுப் போனாளா, இல்லை வீட்டில் சாமான் ஒழித்தார்களா, தெரியாது. நான் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மாட்டினேன் என்பதுதான் இங்கே முக்கியம். பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் அது தொங்கிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பரீட்சைப் பேப்பர் திருத்தினேன்.

இப்போது 1996-க்கு வருகிறேன். வர மனமில்லாமல்தான் இவ்வளவு சுற்றினேன்.

வகுப்பில் ஒரு பனையேறியின் மகன் இருந்தான். வாயடக்கமான பையன், கையெழுத்து மணிமணியாக இருக்கும். பதநீர்க் காலத்தில் அவன் அப்பா விடியுமுன்னும் சாயங்காலமும் ஏறி இறங்குவார். பாளை சீவி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி, மறுபடி அடுத்த பனை. ஒரு நாள் காலையில் தவறி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்னே முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை பையன் வகுப்புக்கு வந்தான். வந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்பு நடுவில் கையைத் தூக்கினான்.

"அன்னைக்கு காலையில நாங்க குடும்ப ஜெபம் பண்ணினோம் டீச்சர். அப்பாதான் ஜெபம் பண்ணினாவ. அதுக்குப் பொறவுதான் போனாவ. அப்படின்னா அந்த ஜெபம் எங்க போச்சு?"

இருபத்திரண்டு பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கின்றன. ஒரு டீச்சர் பதில் தெரியாமல் நிற்பது எவ்வளவு அவமானம் என்று பயிற்சிப் பள்ளியிலேயே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். நான் ரோமர் 8:28-ஐச் சொன்னேன். எல்லாம் நன்மைக்குத்தான் என்கிற விதமாக ஒரு விளக்கமும் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அந்த வசனத்தை எல்லாரும் அடுத்த வாரத்துக்கு மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டும் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் போட்டுக்கொண்டே வந்தேன். திடப்படுத்தல் அன்று கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வெள்ளையுடுப்பில் 21 பிள்ளைகள் முழங்கால் படியிட்டிருந்தார்கள். வருஷக் கடைசியில் யாரோ சொந்தக்காரரின் மளிகைக் கடைக்கு வேலைக்கு என்று மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னுடைய பதில்தான் அவனைத் துரத்தியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ராத்திரி படுத்தால் அந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லிப் பார்ப்பேன். யோபுவைச் சொல்லியிருக்கலாம். லாசருவின் கல்லறையண்டை ஆண்டவரே அழுததைச் சொல்லியிருக்கலாம். 'எனக்குத் தெரியல மக்கா' என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்று கவனியுங்கள்: எத்தனை வருஷம் யோசித்தும், நல்ல பதில் எது என்பதிலேயே நின்றேன்.

அடுத்த வருஷம் நடந்தது தற்செயல். ஓலைப்பெட்டி முடைகிற ஒரு கிழவிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பார்வை போய்விட்டது. யாராவது வந்து வேதம் வாசித்தால் கேட்பேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஆய்வு. போக முடியாது. வகுப்பில் முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளை, "ஏட்டி, ஒரு மணிக்கூறு போய் வாசிச்சுட்டு வாங்க" என்று அனுப்பினேன். வெறுங்கையோடு அனுப்ப என்னவோ போல இருந்தது. ஆணியில் இருந்த பையை எடுத்துத் தூசி தட்டி, வேதபுஸ்தகத்தை அதற்குள் போட்டுக் கொடுத்தேன். இதில் யோசனை எதுவும் இல்லை, கைக்கு வந்தது அதுதான்.

கிழவி லேசான ஆளில்லை. எழுத்து தெரியாதவள், ஆனால் சங்கீதங்கள் பாதி மனப்பாடம். பிள்ளைகள் ஒரு சொல்லை விழுங்கினாலும் நிறுத்துவாள். அவள் கேட்டு வாசிக்கச் சொன்னது எதைத் தெரியுமா? நாளாகமம் முதல் புஸ்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள், வெறும் பெயர்ப் பட்டியல். அதில் என்ன ஆசீர்வாதம் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெயர்களை வாசிக்கும்போது பிள்ளைகளின் நாக்குப் புரளுவதைக் கேட்டுக் கிழவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்! பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். மூன்றாம் வாரம் ஒருத்தி தினத்தந்தி கொண்டுபோய்க் கருப்பட்டி விலை வாசித்துக் காட்டியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டுத் திட்டினேன். திட்டி முடித்துத் திரும்பினால் வெறும் ஆணி. பை அவர்கள் வீட்டில் இருந்தது. அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

அந்த இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் பிந்தி வந்தார்கள். "டீச்சர், அந்தப் பாட்டிக்கு மூணு மவனுவ. ஒருத்தன் இதே தெருவுல இருக்கான். பொறவு ஏன் அவ தனியாக் கெடக்கா?" அதுவரை ஐந்தாம் கட்டளை எங்கள் வகுப்பில் மூன்று மார்க் கேள்வி. அன்றைக்கு விளக்கு வைத்த பிறகும் பேச்சு ஓயவில்லை. அந்த மகனின் பெண்ணும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது நடுவில்தான் எனக்கு உறைத்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அடுத்த வாரம் பாட்டி வீட்டுக்கு நானும் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. அப்படி எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

அப்படித்தான் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வீடுகளுக்கு அனுப்பினேன். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சீஷர்கள் அனுப்பப்பட்ட கணக்குத்தான். ஒரு பைக்கு மூன்று பை ஆயிற்று. பழையது முறை வைத்துச் சுற்றும். 2002-இல் பரீட்சையை நிறுத்தினது இதற்குப் பிறகுதான்.

நானே கண்டுபிடித்த உபாயம் என்று கொஞ்ச நாள் தலைக்கனமாக இருந்தேன். ஒரு மே மாதம், விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனோம். கடலைப் பார்த்த குன்று, அதன் அடியில் சவேரியார் தங்கியிருந்த குகை. எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ.காரர்களுக்கு அவர் கத்தோலிக்கர்களின் புனிதர், நாங்கள் கடலுக்காகத்தான் போனோம். திரும்பி வந்து அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து, தமிழில் ஜெபங்களைப் பாடமாக்கி இருக்கிறார். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, 1544-இல் அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வியாதிக்காரர்கள் வீட்டிலிருந்து ஓயாமல் அழைப்பு. ஒரு ஆளால் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. ஆகவே ஜெபம் கற்ற பிள்ளைகளையே அந்த வீடுகளுக்கு அனுப்பினார். பிள்ளைகள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, வியாதிக்காரருக்காக ஜெபித்தார்கள். ஆள் பற்றாமல்தான் அவரும் அனுப்பியிருக்கிறார், பள்ளிக்கூட ஆய்வு வந்ததால் நான் அனுப்பின மாதிரி. நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே மணலில்.

சட்டதிட்டங்கள் பட்டுத்தான் உண்டாயின. எனக்கு நன்றாகத் தெரிந்த வீட்டுக்கு மட்டும், பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டு. பெண்ணும் பெண்ணும், பையனும் பையனும். வாசற்கதவு திறந்தே இருக்க வேண்டும். வகுப்பு நடக்கிற அறைக் கதவையும் நான் சாத்துவதில்லை, எந்தப் பிள்ளையிடமும் தனியாக மூடிய அறையில் நான் பேசுவதும் இல்லை, வேறு யாரும் பேச விடுவதும் இல்லை. 'கோயில்தானே, நம்ம ஆளுகதானே' என்ற பேச்சுக்கு இதில் இடம் கிடையாது. இதை நான் முதல் பத்து வருஷம் யோசித்ததே இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அப்புறம், வியாதி என்ன என்று கேட்கக் கூடாது. கொடுத்ததைச் சாப்பிடலாம், இரண்டாந்தரம் கூடாது, அந்த வீட்டில் அளந்துதான் பொங்கியிருப்பார்கள். இப்போது புதிதாக ஒன்று: செல்போன் என் மேஜையில் இருக்கும். ஒரு பையன் படுக்கையிலிருந்த தாத்தாவோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். தாத்தாவுக்குச் சந்தோஷம்தான், அவருடைய மருமகள்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

எல்லாப் பிள்ளையும் இதில் ஒட்டாது. ஒட்டாத பிள்ளையை இழுக்கக் கூடாது. கோயிலில் பாய் விரிக்கிற பிள்ளை உண்டு, கேரல் ரவுண்ட்ஸில் பெட்ரோமாக்ஸ் பிடிக்க மட்டுமே பிறந்த பையன் உண்டு. பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. வந்த பிறகும் அவன்தான் பிடிக்கிறான், அவனுக்கு இப்போது நாற்பது வயது.

கேள்விகள் மாறிவிட்டன என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, முன்பு வாய்க்குள் இருந்தது இப்போது வெளியே வருகிறது. சிநேகிதி இந்துப் பெண், அவள் நரகத்துக்கா போவாள் என்று கேட்கிறார்கள். சபைத் தேர்தல் வருஷத்தில், நேற்று திருவிருந்து எடுத்த வாயா இன்றைக்கு இப்படிப் பேசுகிறது என்று கேட்கிறார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "நம்ம சபையில எல்லாருமே ஒரே சாதியா இருக்கோமே, ஏன் டீச்சர்?"

பழைய டீச்சராக இருந்தால் ஆண்டவருக்கு முன் சாதியில்லை என்று ஒரு வசன எண்ணைச் சொல்லி நகர்ந்திருப்பேன். அவளிடம் உள்ளதைச் சொன்னேன். இந்தப் பக்கத்துச் சபைகள் பலவும் குடும்பம் குடும்பமாக, சாதி சாதியாக வேதத்துக்கு வந்தவை. அப்படிச் சேர்ந்து வந்ததால்தான் ஒதுக்குதலையும் அடியையும் தாங்கி நின்றார்கள். வந்த பிறகு அதை உதறியிருக்க வேண்டும். உதறவில்லை. பெண் கொடுத்து எடுப்பதில் இன்றும் உதறவில்லை. "நீங்க உதறினீயளா டீச்சர்?" என்றாள். என் மூன்று பிள்ளைகளின் கல்யாணத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். "இல்ல" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அந்த வருஷம் என்னைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு மரியாதை கூடிற்றா குறைந்ததா, சொல்ல முடியவில்லை. இரண்டும் நடந்திருக்கலாம்.

திடப்படுத்தின பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊரில் இல்லை. சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர், வளைகுடா. போன இடத்தில் பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டுப் போனில் அழைத்து, "டீச்சர், நீங்க குடுத்தது செல்லாது" என்று சொன்னவர்கள் உண்டு. முன்பெல்லாம் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. இப்போது, அங்கே வியாதிக்காரர் வீட்டுக்குப் போகிற ஏற்பாடு உண்டா என்று மட்டும் கேட்கிறேன். கோயில் பக்கமே போகாதவர்களும் போன் பண்ணுகிறார்கள். அவர்கள்தான் கூடுதல் நேரம் பேசுகிறார்கள்.

இனி அந்தப் பையன்.

எங்கள் ஊர் அசனப் பண்டிகைக்கு வெளியூரிலிருந்து எல்லாரும் வந்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஆண்கள் அடுப்புக் குழியண்டை நின்று அண்டா அண்டாவாகச் சோறும் கறியும் ஆக்குவார்கள். ஊரில் கிறிஸ்தவர், இந்து என்றில்லை, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவனும் வருஷம் தவறாமல் வருவான். சென்னைப் புறநகரில் சொந்தக் கடை, வயிறு விழுந்து தலை நரைக்கத் தொடங்கிய ஆள். அடுப்பங்கரையில் துடுப்புப் பிடிப்பான், பந்தி முடிந்ததும் போய்விடுவான். ஆராதனைக்கு உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டால், "நல்லாருக்கீயளா டீச்சர்?" என்பான், நானும் பதிலுக்குக் கேட்பேன். 27 வருஷம் இப்படியே ஓடிற்று.

2023-இல், செத்துப் போகுமுன் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு போனேன். என்ன பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். சோறு வடித்துவிட்டு வேப்பமரத்தடியில் வேர்வை துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நீ அப்பாவப் பத்திக் கேட்ட கேள்விக்கு நான் சரியாப் பதில் சொல்லல. மனப்பாடம் வேற பண்ணச் சொன்னேன். அதனாலதான் நீ வராமப் போனன்னு இத்தன வருஷமும் மனசுல கெடக்கு. என்னை மன்னிச்சிரு மக்கா" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எந்தக் கேள்வி டீச்சர்?"

சொன்னேன். ஜெபம் எங்கே போச்சு என்று கேட்டதை அப்படியே சொன்னேன். அவனுக்கு ஞாபகம் இல்லை. மறைக்கிறானோ என்றுகூட முகத்தைப் பார்த்தேன். மறைக்கிற முகமாகத் தெரியவில்லை.

"அதுக்கில்ல டீச்சர். வெள்ளச் சட்ட இல்ல, அதான் வரல. அப்பா அடக்கத்துக்கே கடன். அம்மாட்ட கேக்க முடியுமா? ஒங்கட்ட வந்து சொல்லலாமான்னு ஒங்க வாசல் வர ரெண்டு தடவ வந்தேன். உள்ள நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீய."

பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

எனக்கு நாலைந்து மாதம் எதிலும் மனம் ஓடவில்லை. அந்த வெள்ளைச் சட்டையை 1984-இல் கட்டாயம் என்று நோட்டீஸில் எழுதினவளே நான்தான். அதற்கு முன்னால் வழக்கம்தான், கட்டாயம் இல்லை. வரிசையில் பிள்ளைகள் ஒன்றுபோல் நிற்பது பார்க்க அழகு என்று எழுதினேன். அதையும் அந்தப் பையின் கீழே உட்கார்ந்துதான் எழுதியிருப்பேன்.

இந்த வருஷ வகுப்பில் 11 பிள்ளைகள். ஊர் சுருங்கிவிட்டது. என் முழங்கால் பெரியம்மையின் முழங்காலைப் போல் ஆகிவிட்டது, வீடுகளுக்கு நான் போவது குறைந்துவிட்டது. போன சனிக்கிழமை இரண்டு பையன்களை மேலத்தெருவுக்கு அனுப்பினேன். தனியாக இருக்கிற ஒரு கிழவி, காது மந்தம், வாசித்தால் பாதி கேட்காது. அரைமணிக்குள் திரும்பி ஓடி வந்தார்கள்.

"என்னல, அதுக்குள்ள முடிஞ்சுட்டா? எந்தச் சங்கீதம் வாசிச்சீய?"

"வாசிக்கல டீச்சர். பாட்டி வீட்டுல பல்பு ஃபீஸ் போயிட்டு. ரெண்டு நாளா இருட்டுலதான் இருக்கா. கடையில வாங்கிட்டோம், மாட்ட எட்டல. ஒங்க வீட்டு ஸ்டூல் வேணும்."

ஸ்டூல் அடுக்களையில் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் இருந்தது. குடத்தை இறக்கிவைக்க ஒருத்தனைக் கூப்பிட்டேன்.